படத்துக்குப் பதிலாக ஒரு வரி

எங்கள் அலுவலகத்தில் கணினி தெரிந்தவர் என்று யாரையாவது காட்ட வேண்டி வந்தால் என்னைத்தான் காட்டுவார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் மயூர் விஹார் மார்க்கெட்டில் மருந்துக்கடைக்கு மேல்மாடியில் நடந்த பயிற்சி வகுப்பில் கற்றுக்கொண்டதுதான். ஆனால் இரண்டாயிரம் பிறந்த புதிதில், தில்லியின் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில், அதுவே பெரிய படிப்பு. பழைய கோப்பு அலமாரிகளை வரிசையாக நிறுத்தி ஒரு மூலையைத் தடுத்து, இரண்டு கணினியும் ஒரு கூலரும் கொடுத்து, 'வலைத்தளப் பிரிவு' என்று பலகை மாட்டினார்கள். பிரிவு என்றால் நான் ஒருத்திதான். எனக்கு மேலே ஓர் உதவி இயக்குநர்.

உதவி இயக்குநர் பஞ்சாபி. நல்ல மனிதர். வலைத்தளம் என்பது சுவரில் மாட்டும் ஆல்பம் என்பது அவருடைய எண்ணம். யார் ஓய்வு பெற்றாலும், யார் வந்து பேசினாலும், மரக்கன்று நட்டாலும் புகைப்படம் எடுத்து என் மேசைக்கு அனுப்பிவிடுவார். அலுவலகத்துக்குப் புதிதாக வாங்கிய டிஜிட்டல் கேமராவை அவர் யாரையும் தொடவிட மாட்டார். படங்களை வரிசையாக ஏற்றுவதுதான் என் வேலையில் பாதி. பக்கம் தயாரிக்கும் மென்பொருள் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து, இந்தப் படத்துக்கு மாற்றுச் சொற்கள் என்ன என்று கேட்கும். வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அதைக் காலியாக விட்டு எண்டர் தட்டச் சொல்லியிருந்தார். நானும் தட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த ஆண்டு மழைக்காலத்தில்தான் அவள் வந்து சேர்ந்தாள். மதுரைப் பெண். தேர்வெழுதி எங்கள் அலுவலகத்துக்கு நியமனம் வாங்கி, மயூர் விஹாரில் அண்ணன் வீட்டில் தங்கியிருந்தாள். பிறவியிலேயே பார்வை கிடையாது. அலுவலகம் போகிறவர்கள் மாதக் கட்டணம் கட்டி ஏறும் சார்ட்டர்ட் பஸ்ஸில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வண்டி. முதல் நாள் நான் யாரிடமோ போனில் தமிழ் பேசியதைக் கேட்டுவிட்டு, மூன்று சீட் தள்ளியிருந்து, "அக்கா, நீங்க எந்த ஊரு?" என்று கேட்டாள். கும்பகோணம் பக்கம் என்றேன். மறுநாள் முதல் என் பக்கத்து இருக்கை அவளுடையது. பஸ்ஸில் ஒரு பக்கம் சீட்டாட்டம் நடக்கும், இன்னொரு பக்கம் பெண்கள் ஸ்வெட்டர் பின்னுவார்கள். இவள் யமுனைப் பாலம் வருவதற்குள் என் டிபன் டப்பாவைத் திறந்து, என்ன இருக்கிறது என்று முகர்ந்து பார்த்து, அதில் பாதியைத் தன்னுடையதாக்கிக்கொள்வாள். காலையில் எழுந்திருக்க அவளால் முடியாது. சாப்பிடாமல்தான் ஓடி வருவாள்.

மேல்மாடியில் அவள் மேசைக்கென்று அலுவலகம் ஒரு கணினியும், திரையில் இருப்பதைப் பேசிக் காட்டும் மென்பொருளும் வரவழைத்தது. பெட்டி வந்த அன்று அதைப் பொருத்திக் கொடுக்க என்னைத்தான் அனுப்பினார்கள். ஸ்பீக்கரிலிருந்து ஓர் அமெரிக்க ஆண்குரல் மூக்கால் பேசியது. அவள் அதைக் கேட்கும் வேகம் எனக்குப் பிடிபடவே இல்லை. காய்ந்த பட்டாணியைத் தகரத்தில் கொட்டுவது போல இருந்தது. முதலில் எதைத் திறந்து பார்க்கலாம் என்று கேட்டாள். நான் பெருமையாக நம்முடைய வலைத்தளத்தையே திற என்றேன்.

குரல் அலுவலகத்தின் பெயரைச் சொன்னது. பிறகு, "கிராஃபிக். டி எஸ் சி ஜீரோ ஜீரோ ஃபோர் ஒன் டூ" என்றது. "கிராஃபிக். டி எஸ் சி ஜீரோ ஜீரோ ஃபோர் ஒன் த்ரீ" என்றது. அப்படியே போய்க்கொண்டிருந்தது. கேமரா தானாகக் கொடுத்த பெயர்கள் அவை. அதுவரை நான் அவற்றைக் கவனித்ததே இல்லை.

அவள் கொஞ்ச நேரம் பொறுமையாகக் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "என்னக்கா, ரோட்டுல போற காரோட நம்பரெல்லாம் வாசிச்சுக்கிட்டே இருக்கு?" என்றாள்.

அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். ஆனால் பிரச்சினை படங்களோடு நிற்கவில்லை. சுற்றறிக்கை, விடுப்பு விண்ணப்பம், தொலைபேசி எண்கள் என்று பக்கத்தின் மேலே இருந்த பொத்தான்கள் எல்லாம் அழகுக்காக நான் படமாகவே வரைந்தவை. அவளுக்கு அவை ஒவ்வொன்றும் வெறும் எண். எதை அழுத்தினால் எங்கே போகும் என்று தெரியாது. கேன்டீனின் வாராந்திர உணவுப் பட்டியலையும் உதவி இயக்குநர் ஸ்கேன் செய்து ஒரே படமாகப் போட்டிருந்தார். அவளுக்கு அதுதான் பெரிய குறை.

"எந்தக் கிழமை இட்லின்னு தெரியாமலா நான் டெல்லியில பொழைக்கிறது?"

அன்று பிற்பகலே பொத்தான்களில் தொடங்கினேன். அந்தச் சின்னப் பெட்டியில் 'விடுப்பு விண்ணப்பம்' என்று ஆங்கிலத்தில் எழுதி ஏற்றிவிட்டு, இன்டர்காமில் அவளைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். மறுமுனையில் அமெரிக்கக்காரர் "லீவ் அப்ளிகேஷன்" என்று சொல்வது எனக்கே கேட்டது. அவ்வளவு எளிய விஷயம். உணவுப் பட்டியலைப் படமாக இல்லாமல் எழுத்தாகவே தட்டிப் போட்டேன். இட்லி புதன்கிழமை என்று உறுதியானது.

பிறகு புகைப்படங்களுக்கு வந்தேன். அங்கேதான் திணறினேன். முதலில் 'புகைப்படம்' என்று மட்டும் எழுதினேன். அதைத்தான் மென்பொருளே சொல்லிவிடுகிறதே என்றாள். சரி, விவரமாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன். மேடை, மேடைக்குப் பின்னால் துணித்திரை, திரையில் தெர்மாகோல் எழுத்துகள், மேசை மேல் ஐந்து தண்ணீர் பாட்டில், பூச்சாடி, பூச்சாடியில் சாமந்தி என்று பாதிப் பக்கத்துக்கு ஒரு கட்டுரையே எழுதினேன். மறுநாள் பஸ்ஸில் அதைப் பற்றிக் கேட்டபோது அவள் கொட்டாவி விட்டாள்.

"பந்தல் போட்டவர் பில்லு குடுக்கிற மாதிரி இருக்குக்கா. அங்க என்னதான் நடந்துச்சு?"

ஓய்வு பெற்ற ஒருவருக்குச் சால்வை போட்டார்கள் என்றேன். அப்படியானால் அதை எழுதுங்கள் என்றாள். பக்கத்தை அழகாக்க நான் அங்கங்கே போட்டிருந்த நீலக் கோடுகளுக்கும் 'நீலக் கோடு', 'நீலக் கோடு' என்று உண்மையாக எழுதி வைத்திருந்தேன். ஒரு பக்கத்தைக் கேட்டு முடிப்பதற்குள் அதை எத்தனையோ முறை கேட்டு அவள் அலுத்துப்போயிருந்தாள். ஒன்றும் சொல்லாத படத்துக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம், நிரலில் நடுவில் ஒன்றுமில்லாத இரண்டு மேற்கோள் குறி மட்டும் போடுங்கள், மென்பொருள் எண்ணைக்கூடப் படிக்காமல் தாண்டிப் போய்விடும் என்றாள். இப்படிக் கேட்டுக் கேட்டு, திட்டு வாங்கி, எனக்குக் கொஞ்சம் பிடிபட ஆரம்பித்தது. படத்தைப் பார்க்கும்போதே மனசுக்குள் வரி ஓடத் தொடங்கிவிட்டது. வீட்டில் டிவி பார்க்கும்போதுகூட நான் ஏதோ முணுமுணுப்பதாக என் கணவர் சொன்னார்.

இதெல்லாம் அவளுக்கும் எனக்கும் நடுவில் நடந்த விஷயமாகவே இருந்திருக்கும். ஆனால் அந்தக் காலத்து உலாவியில் ஒரு வழக்கம் இருந்தது. படத்தின் மேல் மவுஸைக் கொண்டுபோய் நிறுத்தினால், மாற்றுச் சொற்கள் ஒரு மஞ்சள் பெட்டியில் எல்லாருக்கும் தெரியும். ஒரு நாள் உதவி இயக்குநர் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெட்டி முளைத்தது. அதில் அவர் பெயர் இருந்தது.

அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அச்சா" என்று நீட்டிச் சொல்லிவிட்டு, மவுஸைத் தானே வாங்கி, எடுத்து எடுத்து வைத்துப் பார்த்தார். சாயங்காலத்துக்குள் இரண்டு மாடிக்கும் செய்தி பரவிவிட்டது. அடுத்த வாரம் முழுவதும் என் அலமாரித் தடுப்புக்கு இந்தப் பக்கம் விருந்தாளிகள்தான். என் பெயர் ஏன் இவர் பெயருக்குப் பின்னால் வந்தது, நான் அவரைவிட சீனியர் என்று ஒருவர் வந்தார். பதவியைச் சேர்க்கவில்லையே என்று இன்னொருவர் வந்தார். கணக்கு அதிகாரி ஒருவர் தனியாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மிகவும் வருத்தமாகப் பேசினார். மரக்கன்று நட்ட படத்தில் நான் 'மற்றும் பலர்' என்று எழுதியிருந்தேன். அந்தப் பலரில் அவர் ஒருவர். மண்வெட்டியே அவர் கையில்தான் இருந்ததாம். படத்தை மறுபடி பார்த்தேன். உண்மைதான். மண்வெட்டி பிடித்திருக்கும் அவர் பெயரைச் சேர்த்துக் கொடுத்தேன். அவர் போய் நான்கு பேரிடம் சொன்னார். அந்த நான்கு பேரும் வந்தார்கள்.

கடைசியில் உதவி இயக்குநர் எல்லாருக்கும் நியாயமாக ஒரு விதி செய்தார். படத்தில் யார் இருந்தாலும் பதவி வரிசைப்படி எல்லாப் பெயரும் வர வேண்டும். மஞ்சள் பெட்டி திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை வளர்ந்தது. இதன் பலனை அனுபவித்தவள் மேல்மாடியில் இருந்தாள். நம்மூர்ப் பெயர்களும் பஞ்சாபிப் பெயர்களும் வங்காளிப் பெயர்களும் அந்த அமெரிக்கக் குரலின் வாயில் பட்ட பாட்டை, பஸ்ஸில் அவள் அப்படியே பேசிக் காட்டுவாள். மூக்கு, இழுவை, தப்பான இடத்தில் நிறுத்தம் எல்லாம் அச்சாக இருக்கும். ஸ்வெட்டர் பின்னுகிறவர்கள் ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் ஆண்டு விழா வந்தது. தலைமை இயக்குநர் குத்துவிளக்கு ஏற்ற வேண்டும். சிரிக்கத் தெரியாதவர் என்று பெயர் வாங்கியவர் அவர். தாழ்வாரத்தில் அவர் வந்தால் பேச்சு நின்றுவிடும். கையில் மெழுகுவர்த்தியைக் கொடுத்தார்கள். குளிர்காலம்தான் என்றாலும், கூட்டம் நிறைந்த அரங்கில் புழுக்கமாக இருக்கிறதென்று யாரோ பக்கத்தில் நிற்கும் பெரிய மின்விசிறியைப் போட்டிருந்தார்கள். அவர் குனிந்த நேரத்தில் மெழுகுவர்த்தி அணைந்தது. அன்று கேமரா வேறொருவர் கையில் இருந்தது. அவர் சரியாக அந்த நொடியில் பட்டனை அழுத்தியிருந்தார்.

ஏற்ற வேண்டிய படத்தைத் தேர்ந்தெடுத்தவர் உதவி இயக்குநர். மற்ற எல்லாப் படங்களிலும் ஏதாவது ஓர் அதிகாரியின் முகம் இன்னொருவர் தோளில் மறைந்திருந்தது. இந்த ஒன்றில்தான் எட்டு முகமும் தெளிவாக இருந்தன. அதனால் இதுதான் என்று முடிவு செய்துவிட்டார். பெயர்களைப் படத்துக்குக் கீழேயே எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதிவிடலாம், அப்போது சண்டையே வராது என்று நான் சொன்னதற்கும் ஒப்புக்கொண்டார். கீழே எட்டுப் பெயரும் வரிசையாக வந்துவிட்டதால், மாற்றுச் சொற்களில் அதையே மறுபடி எழுத வேண்டியதில்லை. அந்தப் பெட்டி எனக்குக் கிடைத்தது. படத்தைப் பார்த்தேன். என்ன நடக்கிறதோ அதை எழுதினேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'அணைந்துபோன மெழுகுவர்த்தியால் தலைமை இயக்குநர் விளக்கேற்றுகிறார். மற்ற அதிகாரிகள் மின்விசிறியைப் பார்க்கிறார்கள். டை தோளுக்குமேல் பறக்க, ஒருவர் விசிறியை நிறுத்த ஓடி வருகிறார்.'

அவளை அழைத்துக் கேட்கச் சொன்னேன். குரல் கடைசி வார்த்தையை முடித்தது. உடனே இன்டர்காமில் அவள் மேசையைத் தட்டிச் சிரிப்பது கேட்டது. மறுபடி ஒருமுறை ஓட்டிக் கேட்டாள்.

"அக்கா, இப்பத்தான்க்கா நான் அங்கன இருந்தேன். அன்னிக்கு மூணாவது வரிசையில உக்காந்திருந்தேன், ஆனா இல்லாத மாதிரிதான் இருந்துச்சு."

எல்லாரும் ஏன் திடீரென்று மௌனமானார்கள், யார் ஓடிய சத்தம் அது என்று விழா முடிந்து அவள் பலரைக் கேட்டிருக்கிறாள். ஒன்றுமில்லை, விளக்கேற்றினார்கள் என்றே எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள்.

மூன்றாம் நாள் காலையில் கணக்கு அதிகாரி அந்தப் படத்தின் மேல் மவுஸை வைத்தார். பத்தே நிமிஷத்தில் உதவி இயக்குநர் என் தடுப்புக்குள் வந்து நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. ஜல்தி, ஜல்தி, சீக்கிரம் அதை எடுத்துவிடுங்கள் மேடம் என்றார். எடுத்துவிடலாம்தான். ஆனால் அதற்குள் தொலைபேசி இணைப்பு செத்துப்போயிருந்தது. இணைப்பு வந்தால்தான் வலைத்தளத்தில் கை வைக்க முடியும். மோடம் கீச்கீச்சென்று கத்தி, கத்தி, நின்றுபோயிற்று. அவர் மறுபடி மறுபடி அதைப் போடச் சொன்னார். நடுவில், ஓடி வருகிற அந்த ஆள் யார் என்று கேட்டார். நான் மோடத்தைத் தட்டிப் பார்த்தேன். அவர் திரையருகே குனிந்து, மூலையில் இருந்த உருவத்தை, பறக்கும் டையை உற்றுப் பார்த்தார். அவருடைய மெரூன் டை. அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரத்தில்தான் தலைமை இயக்குநரின் அறையிலிருந்து அழைப்பு வந்தது. எங்கள் இரண்டு பேருக்கும். படிக்கட்டில் ஏறும்போது, பேச வேண்டியதை நானே பேசிவிட வேண்டுமென்று அவர் என்னிடம் கேட்டுக்கொண்டார். எனக்கும் பயம்தான். ஆனாலும் எழுதியதில் பொய் எதுவுமில்லை என்று எனக்குள் ஒரு பிடிவாதம் இருந்தது.

தலைமை இயக்குநர் மேசையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. அலுவலக முகவரிக்கு வந்த மின்னஞ்சல்களை அச்செடுத்திருந்தார்கள். ஒன்று புனேயிலிருந்து ஒரு கல்லூரி விரிவுரையாளர் எழுதியது, இன்னொன்று பெங்களூரில் ஒரு வங்கி ஊழியர். இரண்டு பேருக்கும் பார்வை இல்லை. என் வரியை அப்படியே மேலே எடுத்துப் போட்டு, அரசாங்க விழாப் படம் ஒன்றைத் தன்னால் முதல்முறையாகப் பார்க்க முடிந்தது என்று ஒருவர் எழுதியிருந்தார். இன்னொருவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்ததாக எழுதியிருந்தார். எங்கள் மதுரைக்காரி அந்தப் பக்கத்தின் முகவரியைத் தன் நண்பர்கள் குழுவுக்கு அனுப்பியிருந்தது எனக்கு அப்போதுதான் தெரியும்.

யார் எழுதியது என்று அவர் கேட்டார். நான்தான் என்றேன். எதற்காக இந்தச் சொற்கள், யார் இதைக் கேட்கிறார்கள் என்று கேட்டார். மேல்மாடியில் இருக்கும் அவளைப் பற்றியும், கார் எண்களைப் பற்றியும், இட்லியைப் பற்றியும் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு அந்த அச்செடுத்த தாளைக் கையில் எடுத்துக்கொண்டு, அன்று கண்ணாடியை அறையிலேயே விட்டுவிட்டு வந்ததாகவும், மெழுகுவர்த்தி அணைந்தது தெரியாமல் திரியில் வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்ததாகவும் ஆங்கிலத்தில் சொன்னார். சுற்றி ஏழு பேர் நின்றிருந்தார்கள், ஒருவர்கூட அணைந்துவிட்டது என்று சொல்லவில்லை, இதைப் படித்துத்தான் எனக்கே விஷயம் தெரியும் என்றார்.

அப்புறம், ஓடுவது யார் என்று கேட்டார்.

உதவி இயக்குநர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கடைசியில் அவரே, "நான்தான் சார்" என்றார்.

"ஏதாவது செய்தவர் நீங்கள் ஒருவர்தான்" என்றார் தலைமை இயக்குநர். அப்போது அவர் வாயோரம் லேசாகக் கோணியது. அது சிரிப்புதான் என்று நாங்கள் இரண்டு பேரும் பிறகு ஒப்புக்கொண்டோம்.

அந்த வரி அப்படியே இருந்தது. எல்லாப் படங்களுக்கும் இதே மாதிரி எழுத வேண்டும் என்று எழுத்துமூலம் உத்தரவும் வந்தது. உதவி இயக்குநர் அன்று முதல் புதிதாக யார் வந்தாலும் அந்தப் படத்தைத் திறந்து, மவுஸை வைத்து, மஞ்சள் பெட்டி வரும்வரை காத்திருந்து, ஓடி வருபவர் யார் தெரியுமா என்று கேட்பார். கொஞ்ச நாளில் அவரே படங்களுக்கு வரி எழுதித் தர ஆரம்பித்தார். அவர் வரிகளில் எல்லாரும் 'மகிழ்ச்சியுடன்' ஏதாவது செய்துகொண்டிருப்பார்கள். அவள் கேட்டுவிட்டு, இரங்கல் கூட்டத்திலுமா என்று கேட்ட பிறகு குறைத்துக்கொண்டார்.

அடுத்த ஆண்டு விழாவில் அவள் பல குரலில் பேசும் போட்டிக்குப் பெயர் கொடுத்தாள். மேடையேறி, அந்த அமெரிக்கக் குரலில், எங்கள் அலுவலகத்தின் எல்லா அதிகாரிகள் பெயரையும் பதவி வரிசைப்படி வாசித்தாள். பெயர் வாசிக்கப்பட்டவர்கள் ஒவ்வொருவராகத் துள்ளித் துள்ளிச் சிரித்தார்கள். முதல் பரிசு அவளுக்கு. கோப்பையைத் தலைமை இயக்குநர் கொடுத்தார்.

அந்தப் படத்தை ஏற்றும்போது எனக்குக் கை ஓடவில்லை. பார்வையற்ற பெண் ஊழியர் பரிசு பெறுகிறார் என்று போட்டால் பார்ப்பவர்கள் மனம் உருகும் என்றார் உதவி இயக்குநர். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நான் அவளைக் கேட்டுவிட்டு எழுதுகிறேன் என்றேன். மறுநாள் பஸ்ஸில் கேட்டேன்.

"படத்துல என் கண்ணு தெரியலைங்கிறதா தெரியுது?" என்றாள். "என்ன தெரியுது, அதைச் சொல்லுங்க."

நீ கோப்பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருக்கிறாய், யாரும் பிடுங்கிவிடக் கூடாது என்கிற மாதிரி, வாய் நிறையச் சிரிப்பு என்றேன்.

"சேலை?"

சேலையைப் பற்றி நான் யோசிக்கவில்லை. சரோஜினி நகரில் என்னைக் கடை கடையாக நடக்கவைத்து, துணியைத் தடவித் தடவிப் பார்த்து, ஒவ்வொன்றின் நிறத்தையும் என் வாயால் சொல்லவைத்து, பிறகு பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடமும் கேட்டுச் சரிபார்த்து எடுத்த சேலை அது.

"அதைப் போடாம விட்டா எப்படிக்கா? அம்புட்டுத் தூரம் நடந்திருக்கோம்."

எனவே, மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை வைத்த சேலை கட்டிய வெற்றியாளர், கோப்பையை யாருக்கும் தராமல் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார் என்று எழுதினேன். அவள் அதைத் தன் கணினியில் கேட்டுவிட்டுத் திருப்தி என்றாள். அந்த வாரமே மதுரையில் அவள் அம்மா, வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த பிரவுசிங் சென்டரில் படத்தைத் திறக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறார். அந்த ஊர் இணைப்பில் படம் வருவதற்கு முன்னால் கட்டத்துக்குள் என் வரிதான் முதலில் வந்ததாம். கடைக்காரர் அதைத் தமிழில் சொல்லியிருக்கிறார். படம் முழுதாக இறங்கும்வரை அந்த அம்மாள் காத்திருக்கவில்லை. உடனே டெல்லிக்கு எஸ்.டி.டி. போட்டு, கருப்பாக இருக்கிற உனக்கு மஞ்சள் எடுக்காதே என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், உன்கூடக் கடைக்கு வந்தது யார் என்று கேட்டிருக்கிறார்.